பரமேஸ் அக்கா வீட்டு அத்திவாரம்

போன கிழமை பக்கத்து வளவுக்கு மண் கிண்டும் பெக்கோ வந்தது. பரமேஸ் அக்கா மகளுக்காக வீட்டின் கிழக்குப் பக்கம் இரண்டு அறை கூட்டிக் கட்டுகிறா. நான் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்தவர் வேலை செய்வதைப் பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை. அள்ளிக் கொட்டிய மண்ணில் ஒரு நீலத் துண்டு கிடந்தது. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. எங்கள் பழைய வீட்டுச் சுவர்.

அந்த நீலம் அப்பாவின் கைவேலை. சுண்ணாம்பில் உடுப்புக்குப் போடும் நீலத்தைக் கொஞ்சம் கலக்கச் சொன்னால், மனுசன் முழுப் போத்தலையும் கவிழ்த்துவிட்டார். அம்மா ஒரு மாதம் முறைத்துக்கொண்டு திரிந்தா. பிறகு போரின் கடைசி இடப்பெயர்வில் அப்பா செல்லடியில் போய்விட்டார். நாங்கள் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வீடென்று மிஞ்சியது அந்த ஒரு சுவர்தான். அம்மா அதிலே கூரைக்குப் பதிலாகத் தறப்பாளைக் கட்டி, புதுவீட்டையும் இந்தச் சுவரோடுதான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டா.

வீட்டுத்திட்டம் வந்தது. ஐந்து வீட்டார் ஒரு குழு. எல்லாரும் சேர்ந்து ஒவ்வொரு வீடாகக் கட்டவேண்டும். சீட்டுக் குலுக்கியதில் பரமேஸ் அக்காவுக்கு முதல் வீடு. புருசன் இல்லை, ஐந்து வயது மகள், ஓட்டைத் தறப்பாள். மாரிக்கு முன் கூரை ஏறவேண்டும்.

எனக்கு அப்போது இருபது வயது. நூல் பிடிக்கும் வேலை தந்தார்கள், அதாவது வேலை ஒன்றும் தரவில்லை. கிழக்குப் பக்கத்து அத்திவாரத்தை எதிர்வீட்டுச் சந்திரண்ணையும் இன்னும் மூன்று பேரும் கதைத்துக் கதைத்து வெட்டினார்கள். நான் தேத்தண்ணியோடு போனபோது ஆட்களைக் காணவில்லை. சந்திரண்ணையின் தலைத்துண்டு மட்டும் தெரிந்தது. இரண்டடி போதும் என்றிருந்தார்கள். ஆனால் செல்லடிக்கு ஒளிய வருசக்கணக்காகப் பங்கர் வெட்டிய கைகள், தலைமட்டத்தில்தான் போய் நின்றிருந்தன.

"என்ன அண்ணை, வீடோ பங்கரோ?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த நேரம் அக்காவின் மகள் சறுக்கி உள்ளே இறங்கினாள். முழங்காலை மடித்துக் குந்தி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அப்படிக் குந்தச் சொல்லி ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை.

அக்கா இறங்கி அவளைத் தூக்கினா. "மூடுங்கோ அண்ணை. இப்பிடியொரு கிடங்கை என்ர பிள்ளை இனிப் பாக்கக்கூடாது."

மூடுவது அவ்வளவு லேசாக இல்லை. அடுத்த நாள் திட்டத்தின் உத்தியோகத்தர் வந்து பார்த்தார். "மண் போட்டா சுவர் இறங்கும் அக்கா. கல்லாலதான் நிரப்போணும். கல்லு இல்லாட்டி மாரி முடியப் பாப்பம்." எங்களிடம் இருந்த கல் இரண்டடிக்குத்தான் காணும்.

எல்லாரும் தங்கள் இடிந்த வீடுகளைச் சுமந்து வந்தார்கள். அப்படியும் ஒரு மூலை குறைந்தது. அம்மா போய் நீலச்சுவரிலிருந்து தறப்பாள் கயிற்றை அவிழ்த்தா.

"அம்மா, அது அப்பான்ர சுவர்."

"அவர் இருந்தா இதை இடிக்க அலவாங்கோட முதல் ஆளா நிண்டிருப்பார். தள்ளு."

நீலச்சுவர் உடைந்து அந்த மூலைக்குள் போனது. நான் கோபத்தில் நாலு நாள் அம்மாவோடு கதைக்கவில்லை. கூரை ஏறிய கிழமையே மழை கொட்டியது. ஐந்து வீட்டாரும் அக்கா வீட்டுக்குள் நனையாமல் குந்தியிருந்தோம். அம்மாவின் மடியில் அக்காவின் மகள் நித்திரை. என் கோபம் அங்கே போனதுதான்.

இப்போது அம்மா இல்லை. சந்திரண்ணை கனடாவில். வேலிகள் மதிலாகிவிட்டன; பக்கத்து வீட்டுக்குப் போவதென்றால் ரெலிபோன் எடுத்துக் கேட்டுவிட்டுப் போகிறோம்.

பெக்கோக்காரப் பெடியன் கேட்டான்: "மூண்டு மாடி கட்டவோ அக்கா இவ்வளவு ஆழமாப் போட்டனீங்கள்?"

அக்கா மதிலுக்கு மேலால் என்னைப் பார்த்தா. "அப்ப எங்களுக்கு அப்பிடித்தான் தம்பி வெட்டத் தெரியும்."

மகள் வெளியே வந்தாள். "ஏனம்மா, ஏன் அப்பிடி வெட்டினீங்கள்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

மதிலைச் சுற்றிப் போய், நீலத் துண்டை எடுத்து, புதிதாக வெட்டிய அத்திவாரத்துக்குள் வைத்தேன். குனிந்தே வைக்க முடிந்தது. இந்த முறை இரண்டடிதான்.