கார் சீட்டில் உட்கார்ந்திருந்த கருவாடு

இன்று அக்காவையும் அவளுடைய ஏழு மாதக் குழந்தையையும் துபாய்க்கு விமானம் ஏற்றிவிட அம்மாவும் நானும் திருச்சி போயிருந்தோம். துபாயில் கார் வாங்கியிருக்கும் அத்தான், குழந்தைக்குக் கார் சீட், தள்ளுவண்டி இரண்டையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

வழியனுப்ப வந்தவர்களை உள்ளே விடவில்லை. கொஞ்ச நேரத்தில் அக்கா ஃபோன் செய்தாள்.

"தள்ளுவண்டியையும் இப்பவே லக்கேஜ்ல போடச் சொல்றாங்கடி. எவ்ளோ நேரம் நான் புள்ளைய தூக்கிக்கிட்டே நிக்கிறது? நீதான படிச்சுப் பாத்த, நீயே சொல்லு."

ஃபோனைக் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டாள்.

தெரியாதவர்களிடம் எனக்குப் பேச்சே வராது. ஆனாலும் சொன்னேன். "மேடம், தள்ளுவண்டிய விமானத்து வாசல் வரைக்கும் கொண்டுபோவலாம்னு உங்க வெப்சைட்லயே போட்டிருக்குங்க."

"சரிம்மா, கொண்டுபோகட்டும். ஆனா இந்தக் கார் சீட் ஏன் இவ்ளோ கனமா இருக்கு?"

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தேன்.

"அதுக்கு எடை போட மாட்டாங்கன்னு நீதானடி சொன்ன" என்றார் அம்மா.

கவுண்டரில் கார் சீட்டை உறையிலிருந்து எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். குழந்தை உட்கார வேண்டிய இடத்தில், காரைக்கால்மேட்டில் வாங்கிய நெத்திலிக் கருவாட்டு மூட்டை, பெல்ட் போட்டபடி.

அதை ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டதால், அக்கா வாசலுக்கு வந்து மூட்டையைக் கொடுத்துவிட்டு, குழந்தையை வண்டியில் தள்ளிக்கொண்டு போனாள்.

திரும்பும் வழியில் அத்தான் கூப்பிட்டார். குழந்தை அழுததா என்றுகூடக் கேட்கவில்லை. "கருவாடு ஏத்தியாச்சா?"

மூட்டை என் மடியில் இருந்தது. "ஏத்தியாச்சு அத்தான்" என்று சொல்லிவிட்டேன்.

விமானம் இறங்குவதற்குள் என்ன சொல்லிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொல்லுங்கள்.