ரேடிமின் பதினொரு கூடுகள்

இலையை வெயிலுக்கு எதிரே பிடித்து ஒரு கண்ணை இடுக்கிப் பார்க்கிறார் ரேடிம். "உள்ள ஆள் இருக்கான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். ஆள் என்றால் புழு. ஓக் இலையின் மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் நடுவில் வளைந்து வளைந்து வழி தோண்டித் தின்னும் புழு. வளர்ந்ததும் இலையை விட்டு இறங்கிக் கூடு கட்டிக்கொள்ளும். குளிர்காலம் முழுக்க அதற்குள் கிடந்து, மே மாதம் பாதி அரிசி அளவு அந்துப்பூச்சியாக வெளியே வரும்.

ப்ராக் போகும் ரயிலில் முப்பது வருடம் டிக்கெட் பரிசோதித்தவர். நான் எதிர்வீட்டுக்காரி. மாவுருண்டை போட்ட சூப் கொண்டுபோய்க் கொடுத்தால், கிண்ணத்தைக் கழுவி என் வாசலில் வைத்துவிட்டு ஓடிவிடுவார். ஒருநாள், "கல்யாணம் பண்ணியிருந்தா இந்தப் பூச்சிக் கிறுக்கு வந்திருக்குமா?" என்று சீண்டினேன்.

"வந்திருக்கும் லுட்மிலாம்மா. அவதான் ஓடிப்போயிருப்பா."

போன இலையுதிர் காலத்தில் ஸ்டேஷன் பக்கத்து ஓக் மரத்தை வெட்டினார்கள். அதன் கடைசி இலைகளிலிருந்து பதினொரு கூடுகள் தேறின. மே மாதம் ஏரிக்கரை மரங்களில் விட வேண்டுமென்று, பாசி போட்ட ஜாடியில் வைத்துப் பால்கனியில் காத்துவந்தார்.

ஜனவரியில் அவருக்கு இடுப்பு ஆபரேஷன். வீட்டுச் சாவி என்னிடம். "எதையும் தொட்டுடாதீங்க" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். கேட்டேனா? பனியில் விறைத்துக் கிடந்த ஜாடியைப் பார்த்து, ஐயோ பாவம் என்று உள்ளே கொண்டுவந்து ஹீட்டர் பக்கத்தில் வைத்தேன். கதகதப்பில் மே மாதம் வந்துவிட்டதாக அவை நம்பிவிட்டன.

பிப்ரவரியில் கைத்தடியோடு திரும்பினார். ஜாடியின் அடியில் பத்துப் பூச்சிகள் செத்துக் கிடந்தன. ஒன்று மட்டும் கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தது. வெளியே எந்த மரத்திலும் ஓர் இலை இல்லை.

"வாய்விட்டுத் திட்டிடுங்க" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"குளிருமேன்னுதானே செஞ்சீங்க."

லென்ஸை எடுத்துப் பார்த்தார். "பொட்டை. முட்டை வைக்க இலை தேடுறா. இன்னும் நாலு நாள் இருப்பா."

பிறகு, தன் நாற்காலிக்கு எதிரே கிடந்த, யாரும் உட்கார்ந்து நான் பார்த்திராத இன்னொரு நாற்காலியிலிருந்து காலி டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.