சிரித்துவிட்டுத் திரும்பி வந்தவர்

டாக்டர் அருமைநாயகம் இறந்த செய்தி எங்கள் எதிர்வீட்டு போனுக்கு வந்தது. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, அதை இறக்கிவைத்துவிட்டு ஓடினேன். பேசியவர் அவருடைய மருமகன். "சிஸ்டர், மாமா காலையில போய்ட்டாரு. நாளைக்கு ஆற்காட்டுல அடக்கம்" என்றார். "சரிங்க" என்று மட்டும் சொன்னேன். ஒரு மனிதரோடு அத்தனை வருடம் வேலை பார்த்துவிட்டு, கடைசியில் வாயில் வந்தது ஒரு "சரிங்க"தான்.

நம் மருத்துவ முகாமில் அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் அறிமுகம் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில் ஆம்பூர்ப் பக்கத்து தோல் பதனிடும் டேனரித் தெருக்களில் வலிப்பு நோய்க்கு வாராந்திர மருத்துவ முகாம் ஆரம்பித்தவர் அவர். எத்தனை பேருக்கு வலிப்பு இருக்கிறது, எதனால் வருகிறது என்று வீடு வீடாகப் போய் ஆராய்ந்தவரும் அவர்தான். முதல் நாளிலிருந்து நர்ஸாக நானும் கூட நடந்தேன். அப்போதெல்லாம் அது காக்கா வலிப்பு. பெண்பிள்ளை இருக்கிற வீட்டில் அந்தப் பேரைக்கூடச் சொல்ல மாட்டார்கள். பெண் கேட்டு வருகிறவர்கள் காதில் விழுந்தால் போச்சு! டாக்டர் ஆற்றாமையோடு சொல்வார்: "வயித்து வலின்னா ஊரையே கூட்டுறோம். மூளைக்கு ஒண்ணுன்னா கதவைச் சாத்துறோம். அதுவும் உடம்புதானே சிஸ்டர்?"

கதவைத் திறக்க அவர் முதலில் பெரிய மனிதர்களைத்தான் பிடித்தார். டேனரி முதலாளிகள், ஜமாத்துப் பெரியவர்கள், பாஸ்டர், கோயில் தர்மகர்த்தா, ஒருவரையும் விடவில்லை. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் போய்ப் பந்தியில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டு, கை கழுவும்போதே கூட்டம் போட இடம் கேட்டுவிடுவார். பேச்சில் கெட்டிக்காரர். தன் ஜோக்குகளைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கூட்டத்துக்குப் போகிற வழியில் ஜீப்பிலேயே எங்களிடம் சொல்லிப் பார்த்து, "எடுபடுமா சிஸ்டர்?" என்று கேட்பார். "எடுபடும் டாக்டர்" என்பேன். பெரும்பாலும் எடுபட்டது.

அப்படி ஒரு நாள் கூட்டத்துக்கு டேனரி முதலாளி பாய், தோல் காயப்போடும் முற்றத்தையே காலிசெய்து கொடுத்திருந்தார். வேலை முடிந்த ஆண்கள் ஒரு பக்கம், பெண்களும் பிள்ளைகளும் ஒரு பக்கம். மூளையில் வலிப்பு எப்படி உண்டாகிறது என்று டாக்டர் அழகாக விளக்கினார். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்: "வலிப்பு வந்தா மூக்குல செருப்ப வச்சா நின்னுடுமாமே? அப்படின்னா ஆம்பூர்ல ஒருத்தருக்கும் வலிப்பே வரக்கூடாதே! ஊரு முழுக்க அந்த வாசனைதானே?"

முற்றமே அதிர்ந்தது. முதலாளி சிரித்தார், மேஸ்திரி சிரித்தார், பாஸ்டர் கைதட்டிச் சிரித்தார், டாக்டரும் சேர்ந்து சிரித்தார். ஜீப்பில் ஏற்கெனவே கேட்ட ஜோக்குக்கு நான் மறுபடியும் வாய்விட்டுச் சிரித்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் பெண்கள் பக்கத்துத் தலைகளெல்லாம் ஒரு மூலைக்குத் திரும்பிவிட்டன. அங்கே குப்பம்மா உட்கார்ந்திருந்தாள், அதே டேனரியில் வேலை செய்கிறவள். அன்று காலையில்தான் தெருக்குழாயடியில் அவள் மகள் விமலாவுக்கு வலிப்பு வந்திருந்தது. ஊரே பார்க்கக் குப்பம்மா காலில் கிடந்த செருப்பைக் கழற்றி மகள் மூக்கில் வைத்திருந்தாள். இது எங்களுக்குத் தெரியாது, அங்கிருந்த பெண்களுக்குத் தெரியும். "இன்னா குப்பம்மா, உன்னியத்தான் சொல்றாரு" என்று ஒருத்தி சொல்லியே விட்டாள். குப்பம்மா எழுந்தாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

அடுத்த வாரம் அந்தத் தெருவிலிருந்து ஒருவரும் மாத்திரை வாங்க வரவில்லை. விசாரிக்கப் போன எனக்குக் கிடைத்தது நல்ல வரவேற்பு. "உங்க டாக்டருக்கு ஆளுங்கள சிரிக்க வைக்கணும்னா சினிமா கொட்டாய்ல போயி நிக்கச் சொல்லு" என்றாள் ஒருத்தி. குழாயடியில் நடந்ததும் அவள் வாயால்தான் எனக்குத் தெரிந்தது. திரும்பி வந்து டாக்டரிடம் சொன்னேன். "ஒரு ஜோக்குக்கா இவ்ளோ பேஜாரு?" என்றார் முதலில். குழாயடியில் நடந்ததைச் சொன்னதும் அவர் முகம் செத்துவிட்டது. விமலாவுக்கு வலிப்பு அடிக்கடி வருகிறது, மாத்திரை இல்லாமல் அடுப்பிலோ கிணற்றிலோ விழுந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? அன்று மத்தியானம் கொண்டுவந்த சாப்பாட்டை அவர் திறக்கவே இல்லை.

பாய் நல்ல மனசோடுதான் சொன்னார்: "டாக்டர், நான் ஆளு அனுப்புறேன். நான் கூப்ட்டா வராம எங்க போவா?" டாக்டர் கும்பிடாத குறையாக மறுத்தார். "வேணாம் பாய். சிரிச்சது நானு. நானே போறேன்."

போனார். குப்பம்மா கதவைத் திறக்கவில்லை. "எம்புள்ளைக்கு ஒண்ணும் இல்ல, போங்க" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. மறுபடி போனார், மறுபடியும் அதே பதில். வெயிலில் தெருவில் நிற்பார். போகிற வருகிறவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். "வாங்க டாக்டர், போலாம், மானம் போவுது" என்று நான் முணுமுணுத்தேன். எனக்கு அன்று என் மானம்தான் பெரிதாக இருந்தது.

அப்படி நின்ற ஒரு நாளில்தான் கடையிலிருந்து வந்துகொண்டிருந்த விமலா எங்கள் கண்முன்னே தெருவில் விழுந்தாள். கை கால் வெட்டி இழுக்க ஆரம்பித்தது. சத்தம் கேட்டுக் கதவைத் திறந்துகொண்டு குப்பம்மா ஓடிவந்தாள், வந்த வேகத்தில் செருப்பைக் கையில் எடுத்துவிட்டாள். அப்போது டாக்டரைப் பார்த்தாள். அவள் கை பாதியில் நின்றுவிட்டது. பிள்ளை தரையில் துடிக்கிறது, பெற்றவள் அந்தப் பிள்ளையைப் பார்க்காமல், இவர் சிரிப்பாரோ என்று இவர் முகத்தைப் பார்க்கிறாள். அந்தப் பார்வையைத் தன்னால் மறக்கவே முடியவில்லை என்று டாக்டர் பல தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அவர் புழுதித் தரையில் அப்படியே உட்கார்ந்தார். பிள்ளையை மெதுவாக ஒருக்களித்துப் படுக்கவைத்தார், தன் துண்டை மடித்துத் தலைக்குக் கொடுத்தார். "பக்கத்துல வந்து உக்காரும்மா. ஒண்ணும் ஆவாது, தானா நிக்கும்" என்றார். நின்றது. விமலா கண் திறந்ததும் டாக்டர் சொன்னார்: "அன்னிக்கு நான் சிரிச்சது தப்பும்மா. என்னை மன்னிச்சிடு."

குப்பம்மா மகளின் வாயைத் துடைத்தபடியே சொன்னாள்: "செருப்ப வைக்காம வேற இன்னா பண்றதுன்னு யாரு வந்து சொன்னாங்க? இத்தினி வருசமா ஒருத்தரும் வர்ல. வந்த நீங்களும் சிரிச்சீங்க." பேச்சில் கெட்டிக்காரரான அந்த மனிதர் அதற்கு, "ஆமாம்மா" என்றார்.

அடுத்த கூட்டத்தில், அதே முற்றத்தில், முதலாளி முன்னாலேயே தான் சிரித்தது தப்பு என்று சொன்னார். பேச்சை மூட்டைகட்டி வைத்துவிட்டு, "உங்க புள்ளைக்கு வந்தா நீங்க இன்னா செய்வீங்க?" என்று பெண்களைக் கேட்டார். சாவி கொடுப்போம், வெங்காயம் கசக்கி வைப்போம் என்று ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். ஒரு தாய், மகனுக்குச் சூடு போட்ட தழும்பைக் காட்டிவிட்டு அழுதாள். யாரும் சிரிக்கவில்லை. மறைத்து வைத்திருந்த பிள்ளைகளின் பெயர்களை அவர்களாகவே வந்து சொல்ல ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். குப்பம்மா அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. ஆனால் மாத்திரை வாங்க விமலாவை அனுப்பினாள். அந்தப் பெண் இன்று ஷூ கம்பெனியில் தைக்கிறாள்.

பிற்பாடு பெரிய டாக்டர்கள் வந்து, மக்கள் ஒத்துழைப்பை எப்படி இவ்வளவு நன்றாகப் பெற்றீர்கள் என்று பாராட்டும்போதெல்லாம் அவர் நெளிவார். "ஒத்துழைப்பு அவங்க குடுத்தது. நாம குடுத்தது சிரிப்பு" என்பார்.

ஆற்காட்டுக் கல்லறைத் தோட்டத்தில் கூட்டத்துக்குப் பின்னால் குப்பம்மா நின்றிருந்தாள். ஆம்பூரிலிருந்து பஸ் மாறி வந்திருக்கிறாள். பக்கத்தில் போய் நின்றேன். "சிரிச்சாரு. அப்புறம் வெயில்ல வந்து நின்னாரு" என்றாள். "எங்களப் பாத்து சிரிச்சவங்க எத்தினியோ பேரு சிஸ்டர். திரும்பி வந்தது இவரு ஒருத்தருதான்."

"குப்பம்மா, அன்னிக்கு நானும்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் சிஸ்டர். உங்க சிரிப்புதான் ஜாஸ்தி கேட்டுச்சு."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மண் போடப் போய்விட்டாள்.

டாக்டரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அவருடைய வெட்கத்தைத்தான். அவர் வெயிலில் நின்ற வாசலில் நானும்தான் நின்றேன், அவருக்குத் துணையாக, எனக்கு மட்டும் குடையைப் பிடித்துக்கொண்டு. எனக்கும் சேர்த்து அவரே வெட்கப்பட்டுவிட்டார் என்று இத்தனை வருடமும் நிம்மதியாக இருந்துவிட்டேன். இனி எனக்காக வெட்கப்பட அவர் இல்லை.