மாடியில் பேனல், பாத்ரூமில் பச்சைத் தண்ணீர்

சோலார் பேனல் போட்ட வீட்டுக்கு வெந்நீர் வழி சொல்வது என் தொழில். அதாவது, புருஷனும் பெண்சாதியும் ஆளுக்கொரு முடிவு எடுத்துவிட்ட விஷயத்தில் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லிவிட்டு உயிரோடு திரும்புவது. வில்லியனூரில் எங்கள் கடை. வீட்டுக்காரர் கல்லாவில் இருப்பார். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் படித்த நான் ஸ்கூட்டியில் போய் மாடி ஏறிப் பார்த்துவிட்டு வருவேன். கரண்ட் பில் குறைந்த சந்தோஷத்தில் ஹீட்டர் வாங்கப் போய், கடைக்காரர் காட்டிய மாடல்களுக்கு நடுவே நீங்கள் முழித்ததுண்டா? உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கத்துக் கஷ்டத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

பாய் வரலையா?

கிருமாம்பாக்கத்தில் ஒருவர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்டைத் திறந்து என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார், ஸ்கூட்டிக்குப் பின்னாலும் பார்த்தார். "பாய் வரலையாமா?" என்றார். "வரலண்ணா. நான்தான் பாக்கணும்" என்றேன். மனசில்லாமல் மாடிக்கு அழைத்துப் போனார்.

பேனலுக்குப் பக்கத்தில் கண்ணாடிக் குழாய் வைத்த சோலார் ஹீட்டர் வர வேண்டும் என்று சாக்பீஸால் கோடே போட்டு வைத்திருந்தார். நான் போர் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்தேன், கரித்தது. பாத்ரூம் ஷவரைக் கழற்றிக் காட்டினேன். துளையெல்லாம் வெள்ளையாக உப்பு அடைத்திருந்தது. "ஷவருக்கே இந்தக் கதின்னா, சூடேறுற குழாய் எத்தினி நாள் தாங்கும்ணா? மொதல்ல குடிதண்ணி லைனை ஹீட்டருக்கு இழுங்க. மாடலை அப்பறம் பேசலாம்" என்றேன்.

அவர் போனை எடுத்து, என் எதிரிலேயே ஸ்பீக்கரில் போட்டு, கடைக்குப் பேசினார். என் வீட்டுக்காரர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "மாடல் பேரு கேட்டா நான் சொல்வேண்ணே. உங்க தண்ணிக்கு எது ஒத்து வரும்னா அவங்களத்தான் கேக்கணும். நானே அவங்களத்தான் கேக்கறேன்."

கொடிக்கயிறு

அரியாங்குப்பத்தில் சின்ன மாடி வீடு. புருஷன், பெண்சாதி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். மாடியில் பாதி பேனல், மீதியில் துணிக்கொடி. அந்த மீதியில் ஹீட்டர் வைக்க வேண்டும் என்பது அவர் முடிவு. கொடிக்கயிறு ஒரு இஞ்ச்கூட நகராது என்பது அந்தம்மா முடிவு.

பின்பக்கச் சந்தில் ஹீட் பம்ப் வைக்கலாம் என்று நான் படத்தைக் காட்டினேன். "இன்னா மேடம், ஏசி அவுட்டர் மாதிரி இருக்கு. தண்ணி ஜில்லுன்னு ஆயிடாதா?" என்றார் அவர். அவுட்டர் பக்கத்தில் நின்றால் அனல் அடிக்கிறதல்லவா, அந்த அனலைத் தண்ணீரில் விடுகிறோம் என்றேன். சாதாரண கீசரைவிடக் கரண்ட் ரொம்பக் குறைவு. மதியத்தில் பேனல் கரண்ட்டிலேயே ஓட்டிவிட்டால் டேங்க்கில் சூடு மறுநாள் காலைவரை நிற்கும். அவர் இன்னும் யோசித்துக்கொண்டே இருந்தார். அந்தம்மா ஒரு ஈர வேட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்: "பேனலுக்கு அடியில குனிஞ்சி இத காயப் போட்டுட்டு வாங்க. எது நல்ல மாடல்னு தானா தெரியும்."

மழையில் வந்த புகார்

பாகூரில் மளிகைக் கடை வைத்திருப்பவர் வீட்டுக்கு ஹீட் பம்ப் போட்டுக் கொடுத்தோம். அந்த வாரமே அடைமழை. குடையோடு கடைக்கு வந்து நின்றார். "வெயிலே இல்ல. தண்ணி மட்டும் கொதிக்குது. எங்கயோ தப்பா கனெக்‌ஷன் குடுத்துட்டியேமா" என்றார்.

பேனல் கரண்ட் கொடுக்காத அன்றைக்குக் கம்பத்து லைன் கரண்ட்டில் ஓடும்படிதான் வைத்திருக்கிறேன் என்று விளக்கினேன். குடையை மடக்கினார். இவ்வளவு தூரம் நனைந்து வந்ததை வீணாக்க அவருக்கு மனசு வரவில்லை. "சரி, வேலை செய்யுதுன்னு ஒரு கம்ப்ளெயின்ட் எழுதிக்கோமா."

ஒற்றை விரல்

குருவிநத்தத்தில் ஒரு கரும்பு விவசாயி. பிரசவத்துக்கு வந்த மகள் கைக்குழந்தையோடு இருந்தாள். மாடி முழுக்கப் பேனல். ஆனால் வெந்நீர் மட்டும் பக்கெட்டில் ராடு போட்டுத்தான். ஒரு நாள் காலையில் சூடு பார்க்கக் கையை விட்டவளைக் கரண்ட் தூக்கி அடித்துவிட்டது. குழந்தை அப்போது அவள் அம்மாவிடம் இருந்தது. அந்த ஒரு விஷயத்தைத்தான் வீட்டில் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"இருக்கறதுலயே பெருசா ஒண்ணு குடுமா" என்றார் அவர். மகள் ஊருக்குப் போனபின் வீட்டில் இரண்டே பேர். அவர்களுக்குச் சின்ன டேங்க் கீசரே போதும் என்றேன். பிறகு பாத்ரூம் பிளக்கைச் சோதித்தால், எர்த் இல்லை; கரண்ட் கசிந்தால் மண்ணில் இறங்க வழியே இல்லை. குழி வெட்டி எர்த் போடாமல் எதையும் மாட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வெந்நி கேட்டா குழி நோண்டச் சொல்றியே, இன்னா வியாபாரம்மா இது?" இருந்தாலும் வெட்டினார். அதுவரை குழந்தைக்கு விறகடுப்பில்தான் தண்ணீர் காய்ந்தது.

மாட்டி முடித்து, சோதித்து, குழாயைத் திறந்தேன். ஆவி பறந்தது. அந்தப் பெண் மட்டும் கதவோரமாகவே நின்றாள். எர்த் பற்றி நான் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை. பேச்சை நிறுத்திவிட்டு, பச்சைத் தண்ணீரும் கலந்து, என் இரண்டு கையையும் நீட்டினேன். முகம் கழுவினேன். முக்காட்டு நுனியால் துடைத்துக்கொண்டு சும்மா நின்றேன். அவள் மெதுவாக வந்து ஒற்றை விரலை நீட்டினாள். அப்புறம் கையை. கொஞ்ச நேரம் எடுக்கவேயில்லை. அவள் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எத்தனையோ வீட்டில் மாட்டியிருக்கிறேன். அன்றைக்குப் போல என் வேலையை நினைத்து நான் நிமிர்ந்து நின்றதில்லை. அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அம்மாவ கூப்புடுக்கா. இன்னிக்கி இவன நானே குளிப்பாட்டுறேன்."

ஒரு வீட்டிலிருந்து எனக்கு மறுபடி போன் வரவில்லையென்றால் அங்கே நன்றாகக் குளிக்கிறார்கள் என்று அர்த்தம். இப்போதெல்லாம் என் போன் ரொம்ப அமைதியாக இருக்கிறது என்பதைத்தான், கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருக்கும் மனிதரிடம் மட்டும் பெருமையாகச் சொல்ல முடியவில்லை.