காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சையும் கன்டெய்னர் வரிசையும்

எண்ணூரிலிருந்து ராயபுரம் போவதற்கு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை சாலையை அடைத்து நின்றுவிட்டால் ரயில், நகர்ந்தால் பஸ். அதைச் சொல்ல அப்பாவைவிட யாருக்கு அருகதை? அந்த வரிசையில் ஒரு டிரெய்லரை வைத்துக்கொண்டு நாள்கணக்கில் உட்கார்ந்திருப்பவரே அவர்தான். ராயபுரம் காலேஜில் பி.காம். படித்த மூன்று வருடமும், பரீட்சைக் காலையில் அவருக்குப் போன் போட்டுக் கேட்ட பிறகுதான் செருப்பை மாட்டுவேன். ஒரு தடவைகூட அவர் வாக்குப் பொய்த்ததில்லை.

எல்லாப் பேப்பரிலும் தேறிவிட்டேன், காஸ்ட் அக்கவுண்டிங்கைத் தவிர. எனக்கும் அதற்கும் ஏழாம் பொருத்தம். அரியர் எழுதக் கொடுத்த இரண்டு வருடமும் ஓடிப்போய், கடைசி வாய்ப்பு வந்தது. இதை விட்டால் பட்டம் கிடையாது. அந்த முறை வெறி பிடித்ததுபோலப் படித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், தேறியிருப்பேன்.

அன்று காலை போன் போட்டேன்.

“நகந்துகினு கீதும்மா. பஸ்ஸே ஏறு. ஷோக்கா எழுதிட்டு வா” என்றார்.

ஏறினேன். திருவொற்றியூரில் பஸ் நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு டீக்கடைப் பக்கம் போனார். ஆட்டோ நுழையக்கூட இடமில்லை. இறங்கி ஓடினேன்.

ஓடும் வழியில் அப்பாவின் வண்டி நின்றிருந்தது. அவருக்கு முன்னால் நின்ற பத்து லாரிகளை கன்டெய்னர் இறக்கி வைக்கும் வேறு யார்டுக்குத் திருப்பிவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த இடத்துக்கு இவர் வண்டி முன்னேறியிருக்கிறது. அவர் கண்ணுக்கு வரிசையே நகர்ந்துவிட்டது. யானைக்கும் அடி சறுக்கும். என் பரீட்சையன்றுதானா சறுக்க வேண்டும்?

மேலே கேபினில், ஸ்டீயரிங்கில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுப்பினால் மட்டும் என்ன செய்துவிடுவார்? முன்னே வண்டி, பின்னே வண்டி. அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் அழுகையும் வந்தது. கூப்பிடாமல் ஓடினேன்.

நாற்பது நிமிடம் தாமதம். அரை மணிக்கு மேல் யாரையும் உள்ளே விடக்கூடாது என்பது விதி. “நான் என்னம்மா பண்றது?” என்றார் பரீட்சை ஹால் வாசலில் நின்ற மேடம். பாவம், அவர் என்ன செய்வார். ஜன்னல் வழியே எல்லோரும் குனிந்து எழுதுவது தெரிந்தது.

சாயங்காலம் அப்பா போன் செய்தார். “நல்லா எழுதுனியாம்மா?”

“எழுதிட்டேன் நைனா.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. உண்மையைச் சொன்னால் ‘என்னாலதானே’ என்று அவர் உடைந்துபோவார். ரிசல்ட் வந்ததும் பாஸ் என்றேன். அன்று வரிசையில் நின்ற டிரைவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தாராம்.

பிறகு ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீஸில் வேலை கிடைத்தது. சான்றிதழைப் பிறகு தருவதாகச் சொல்லித்தான் சேர்ந்தேன். போன வாரம் கறாராகக் கேட்டுவிட்டார்கள், மாதக் கடைசிக்குள் பட்டச் சான்றிதழ் வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை என்று. முகத்தைப் பார்த்து அப்பா என்னவென்று துருவினார். “சர்டிபிகேட் வாங்கணும் நைனா. யுனிவர்சிட்டில பெரிய கியூவாம், போக முடியல” என்று உளறி வைத்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

மறுநாள் காலை அவர் வண்டிக்குப் போகவில்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வாசலில் நின்றார்.

“நீ வேலைக்குப் போம்மா. நான் போய் வாங்கியாறேன். வரிசைல நிக்கறது எனக்கு இன்னா புதுசா?”

ஹால் டிக்கெட்டைக் கேட்டுக் கையை நீட்டினார். நான் எழுதாத அந்தப் பரீட்சையுடையதை எடுத்துக் கொடுத்தேன்.