சத்தம் போடாத கம்ப்யூட்டர்

கடை திறப்பு, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், சாவு, எதுவானாலும் எங்கள் பக்கத்தில் ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டி ஊர் ஊராக அறிவித்துக்கொண்டு போவார்கள். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் கவரைப்பேட்டையிலிருந்து எளாவூர் செக்போஸ்ட் வரை அந்த ஸ்பீக்கர்களில் பேசிய பெண் நான்தான். என் முகம் யாருக்கும் தெரியாது, குரல் எல்லோருக்கும் தெரியும். பஸ்ஸில் டிக்கெட் கேட்டால் முன்சீட்டில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு, பொய் சொல்வானேன்.

கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு அறை எடுத்து நானும் என் பெரியம்மா மகனும் சேர்ந்து இதை நடத்தினோம். அண்ணன் ஆர்டர் பிடிப்பான். நான் எழுதி, பேசி, பதிவு செய்து, கேசட்டிலோ சிடியிலோ போட்டுக் கொடுப்பேன். கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. சொந்தத்துக்குள் எழுத்து எதற்கு என்று நாங்கள் எதையும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

எங்களுக்கு இருந்த பெரிய பேஜாரு கம்ப்யூட்டரின் இரைச்சல்தான். இருப்பது ஒரே அறை. எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தேன், ஆனால் மைக்கும் கம்ப்யூட்டரும் பக்கத்துப் பக்கத்தில். 'அன்பார்ந்த பொதுமக்களே' என்று நான் ஆரம்பித்தால் பின்னாலேயே மாவு மில் ஓடுவது மாதிரி கேட்கும். தேடிப் பார்த்ததில் குற்றவாளிகள் இரண்டு. ஒன்று, ஹார்டு டிஸ்க்குக்குக் காற்றடிக்கும் முன்பக்க ஃபேன். இன்னொன்று ஹார்டு டிஸ்க்கேதான். அது சுற்றும்போது வரும் அதிர்வு தகரப் பெட்டி முழுவதும் பரவி முனகியது.

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்து, ஸ்க்ரூவை எல்லாம் கழற்றி, டிஸ்க்கைச் சைக்கிள் டியூப் கீற்றுகளில் தொட்டில் கட்டித் தொங்கவிட்டேன். ஃபேனையும் பிடுங்கிப் போட்டேன். அறை அப்படியே அமைதியானது. அண்ணன் வந்து, கம்ப்யூட்டர் ஓடுகிறதா இல்லையா என்று குனிந்து பார்த்தான். அந்தச் சந்தோஷம் மதியம்வரைதான். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சித்திரை மாதம். டிஸ்க்கைத் தொட்டால் தோசைக்கல்லைத் தொட்டது போல் இருந்தது. தகரத்தோடு ஒட்டியிருந்தவரை சூடு தகரத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ரப்பரில் தொங்கவிட்டு அந்த வழியையும் நானே அடைத்திருந்தேன்.

சத்தத்தை அடக்கினால் சூடு, சூட்டை அடக்கினால் சத்தம். அந்தக் கோடை முழுக்க இதோடுதான் மல்லுக்கட்டினேன். தொழிற்பேட்டையில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் கெஞ்சி இரண்டு கனத்த அலுமினியத் தகடு வாங்கிவந்து, டிஸ்க்கின் இரண்டு பக்கமும் இறுக்கி, அதற்கப்புறம் தொட்டிலில் போட்டேன். ஃபேனை மறுபடியும் மாட்டி, வயரை மாற்றிக் குறைந்த மின்சாரம் கொடுத்தேன். அது சோம்பேறித்தனமாக, சத்தமே இல்லாமல் சுற்றியது. டிஸ்க்கின் மேல் கையை வைத்தால் எடுக்கத் தோன்றாத அளவுக்குச் சூடு தணிந்தது. எந்தக் காலேஜிலும் நான் இதைப் படிக்கவில்லை. என் வாழ்க்கையில் நானாக உருப்படியாகச் செய்த முதல் காரியம் அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஒரே ஒரு குறை. மின்சாரம் குறைவு என்பதால் சில நாள் கம்ப்யூட்டரைப் போட்டதும் ஃபேன் கிளம்பாமல் நிற்கும். விரலால் ஒரு தட்டு தட்டினால் சுற்ற ஆரம்பித்துவிடும். நான் இல்லாத நாளில் பார்த்துக்கொள் என்று அண்ணனிடம் மட்டும் இதைச் சொல்லி வைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அவன் ஒரு யோசனை சொன்னான். ஒவ்வொரு தடவையும் முழுசாக எதற்குப் பேச வேண்டும், எல்லா ஊர்ப் பெயரையும், கிழமையையும், மாதத்தையும், எண்களையும், கடை வகைகளையும் ஒரே தடவை தனித்தனியாகச் சொல்லி டிஸ்க்கில் போட்டுவை, வேண்டியபோது வெட்டி ஒட்டிக்கொள்ளலாம், உன் தொண்டைக்கும் ஓய்வு என்றான். என் தொண்டையைப் பற்றி இவ்வளவு அக்கறைப்பட்டவர்கள் யாருமில்லை. உருகிப்போய் வாரக்கணக்கில் பேசிப் பதிந்தேன். ஆரம்பாக்கம், மாதர்பாக்கம், பொன்னேரி, பழவேற்காடு, திருப்பாச்சூர், நாங்கள் ஆட்டோவே அனுப்பாத ஊர்கள்கூட. எப்படி வெட்டுவது, எப்படி ஒட்டுவது என்பதையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன்.

அடுத்த கோடையில் ஒரு கல்யாணத்துக்காக வேலூர் போயிருந்தேன். அங்கே போன் வந்தது. காலையில் ஃபேன் சுற்றவில்லை, தான் கவனிக்கவில்லை, டிஸ்க் வெந்துவிட்டது என்றான். சென்னைக்கு எடுத்துப்போய்க் காட்டினானாம், ஒன்றும் மீட்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்களாம். நான் ஏன் சந்தேகப்படப் போகிறேன்? அந்த ஃபேன் கிளம்பாமல் நிற்கும் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

திரும்பி வந்து அவன் முன்னால் உட்கார்ந்து அழுதேன். சத்தம், சத்தம் என்று அலைந்து எல்லாவற்றையும் நானே கொன்றுவிட்டேன் என்றேன். அவன் எனக்கு ஒரு டீ வரவழைத்தான்.

"உடு பாப்பா. வேணும்னா செஞ்ச? தெரியாம ஆயிப்போச்சு."

அறையைக் காலி செய்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். கம்ப்யூட்டரை நீயே எடுத்துக்கொள் என்றும் நான்தான் சொன்னேன். தப்பு செய்தவளுக்குப் பங்கு கேட்க வாய் ஏது? கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனேன். மதியச் சாப்பாட்டில் கூட வேலை செய்யும் பெண்களிடம், எங்கள் அண்ணனைப் போல ஒரு தங்கமான மனுஷன் கிடையாது, அவ்வளவு நஷ்டத்திலும் முகம் சுளிக்கவில்லை என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவேன்.

அப்புறம் ஒரு பிரதோஷத்தன்று அம்மாவோடு திருப்பாச்சூர் கோயிலுக்குப் போனேன். வெளியே வந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது தெருவில் ஒரு ஆட்டோ வந்தது. புதிதாகத் திறந்த செல்போன் கடை பற்றிய அறிவிப்பு. குரல் என்னுடையது.

நான் அப்படி ஒரு வாக்கியத்தைப் பேசியதே இல்லை. அந்தக் கடை அந்த வாரம்தான் திறந்தது. 'திருப்பாச்சூர்' என்ற இடத்தில் மட்டும் குரல் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. தனியாகச் சொல்லிப் பதிந்த பெயரை நடுவில் ஒட்டினால் அப்படித்தான் நிற்கும். அதைக் கொஞ்சம் இறக்கி ஒட்ட வேண்டும் என்று அவனுக்கு நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அந்தக் குரல் அம்மா காதிலும் விழுந்தது. என் முகத்தைப் பார்த்தாள்.

எங்கே பதிந்தது என்று ஆட்டோக்காரரைக் கேட்டேன். திருவள்ளூர் தேரடி பக்கத்தில் ஒரு மாடி என்றார். அப்படியே பஸ் ஏறினோம். அம்மா கீழே நின்றுகொண்டாள், நான் மட்டும் மேலே போனேன். அண்ணன் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். பெட்டியின் பக்கத் தகடு கழற்றியே இருந்தது. என் ரப்பர் தொட்டில், என் அலுமினியத் தகடு, அதே சோம்பேறி ஃபேன். டிஸ்க்கின் மேல் கை வைத்தேன். வெதுவெதுப்பாக, நன்றாக இருந்தது.

"செத்துப்போச்சுன்னு சொன்னியேண்ணா."

அவன் பதறவில்லை. நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

"இன்னா பாப்பா இப்போ? நானா உன்ன போன்னு சொன்னேன்? நீயா போன. ஒரு வார்த்த உன்ன திட்டிகிறனா நானு?"

உண்மை. ஒரு வார்த்தை திட்டவில்லை. துரத்தியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், என் பங்கைக் கேட்டிருப்பேன், குறைந்தது என் குரலையாவது திருப்பிக் கேட்டிருப்பேன். அவன் என்னை மன்னித்தான். அதனால் நானே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினேன். என்னைப் பேசவைத்துப் பிழைத்தவன், என் வாயாலேயே என்னைக் குற்றவாளி என்றும் சொல்லவைத்துவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெட்டியைத் தூக்கி மாடியிலிருந்து போட்டிருக்க வேண்டும். கை வரவில்லை. உள்ளே இருந்ததெல்லாம் நான்.

கீழே இறங்கி வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸில் ஏறிய பிறகு, "பெரிம்மா மூஞ்சில எப்பிடி முழிக்கிறது? உட்டுடு" என்றாள். நானும் விட்டேன். வேறு என்ன செய்வது என்று அப்போது தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

போன தை மாதம் அவன் பெண்ணுக்குக் காது குத்தினார்கள். பந்தியில் நானும் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். எதிர்வரிசையில் ஒரு சித்தப்பா, மகனுக்குப் புதுசாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பேச்சுவாக்கில் என்னைக் காட்டி, "இவ கையில மட்டும் குடுத்துடாதீங்கபா, வேக வச்சிடுவா" என்றார். பந்தியே சிரித்தது. சாம்பார் வாளியோடு வந்த அண்ணன் என் இலைக்கு முன்னால் நின்றான்.

"பாவம், உடு சித்தப்பா. எப்பவோ தெரியாம செஞ்சத இன்னும் சொல்லிக்கினு" என்றபடி எனக்கு ஒரு கரண்டி கூடவே ஊற்றினான்.

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.