வண்ண அட்டைக்குப் பொட்டு வைத்த கதை

பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்த நான், போன மாசி மாதம் ஒரு சனிக்கிழமை ஆராய்ச்சிக்காக ஸ்ரீரங்கம் போனேன். ஆராய்ச்சி என் மகள் சுகன்யாவுடையது. நான் பை தூக்குகிற ஆள். பழைய மண்டபம் ஒன்றின் சுவர் ஓவியத்தைப் போன வருடம் படம் எடுத்திருந்தாள். அதே இடத்தில், அதே விளக்கில் மறுபடி எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒப்பிட்டால், கண்ணுக்குத் தெரியாமல் நிறம் மங்கியிருந்தாலும் காட்டிவிடுமாம். அனுமதி காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை. விட்டால் அடுத்த வருடம்தான். அவள் படிப்போ இந்த வருடத்தோடு முடிகிறது.

மண்ணச்சநல்லூரில் 6.40க்குப் பஸ். நம்பர் ஒன் டோல்கேட்டில் இறங்கி ஆட்டோ, 120 ரூபாய். 7.45க்கு மண்டபம். அதுவரை என்னால் ஒரு கெடுதலும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

சுகன்யா பையிலிருந்து சிலேட்டு மாதிரி ஓர் அட்டையை எடுத்தாள். கட்டம் கட்டமாக இருபத்து நான்கு நிறங்கள். ஓவியத்தின் பக்கத்தில் இதை வைத்துத்தான் கேமரா நிறத்தைச் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளைக் கட்டத்தில் சந்தனம், நடுவில் குங்குமம். பக்கத்துச் சாம்பல் கட்டத்திலும் ஒன்று.

புறப்படும்போது கேமரா, ஸ்டாண்டு, விளக்கு எல்லாவற்றுக்கும் நான்தான் பொட்டு வைத்தேன். ஆயுத பூஜைக்கு ரைஸ் மில் மோட்டாருக்கே வைக்கிற கை. நல்லவேளை, லென்ஸுக்கு மூடி இருந்தது.

"துடைச்சா போயிடும்மா" என்றேன்.

"துடைச்சா நிறமும் சேர்ந்து போயிடும். கையை எடுங்கப்பா."

நாலைந்து பேருக்குப் போன் போட்டாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கல்யாண ஸ்டூடியோவில் அதே அட்டை இருந்தது. ஓட வேண்டியவன் நான். ஆறு கிலோமீட்டர், ஆட்டோ போகவர 400 ரூபாய். முகூர்த்த நாள் வேறு, காவிரிப் பாலத்தில் மட்டும் நாற்பது நிமிடம். கதையைக் கேட்ட டிரைவர், "என் வண்டிக்கும்தான் தினம் பொட்டு வைக்கிறேன், ஓடலையா சார்?" என்றார். எனக்கும் அதே கேள்விதான். மகளிடம் கேட்கத் தைரியமில்லை.

ஸ்டூடியோக்காரர் அட்டையை நீட்டி, "இதுக்கும் வச்சிடாதீங்க சார்" என்றார். போனிலேயே எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

10.20க்குத் திரும்பினேன். 11.50க்கு வேலை முடிந்தது. படியில் உட்கார்ந்து லேப்டாப்பில் இரண்டு வருடப் படங்களையும் பொருத்தினாள். மாறாத இடம் நீலம், நிறம் போன இடம் சிவப்பு. பெரும்பாலும் நீலம். நாலடி உயரத்தில், வரைந்திருந்த சாமியின் பாதங்களில் மட்டும் திட்டுத் திட்டாகச் சிவப்பு.

"மழைத்தண்ணி இறங்கியிருக்கோ?"

"இல்லப்பா. வர்றவங்க பாதத்துல குங்குமம் வைக்கிறாங்க. வாட்ச்மேன் ஈரத்துணியால துடைக்கிறாரு."

இப்படிப் போகிறவர்களுக்கு: முகூர்த்த நாளில் பாலத்தைத் தாண்டும் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். அட்டை இரண்டு கொண்டுபோங்கள். பொட்டு வைத்தே தீர வேண்டுமென்றால் பைக்கு வையுங்கள்.

போன வருடமும் பை தூக்க வந்தவன் நான்தான். அவள் படம் எடுத்து முடித்ததும், வேலை நல்லபடியாக முடிந்ததே என்று அந்தப் பாதத்துக்கு ஒரு பொட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். அந்தச் சிவப்பில் எனக்கும் ஒரு திட்டு உண்டு.